செந்தோசாவின் தொங்கு ரயில்: ஏறுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் போதும், ஊரிலிருந்து உறவினர்கள் சிங்கப்பூருக்கு வருவார்கள். வந்த இரண்டாம் நாள் தேக்கா சந்தை, மூன்றாம் நாள் செந்தோசா தீவு. அங்கே யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் நீலத் தடத்தில் மனிதர்கள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பறப்பதைப் பார்த்ததும் கேள்விகள் கிளம்பிவிடும். 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற பெயரில் அங்கே இரண்டு ரோலர் கோஸ்டர்கள் பின்னிப் பிணைந்து நிற்கின்றன. சிவப்புத் தடம் ஹ்யூமன், நீலத் தடம் சைலான். தொங்குவது சைலான். அதைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்த விடுமுறைக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டு நான் நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம்.

தலைகீழ் ரோலர் கோஸ்டர் என்கிறார்களே, முழுப் பயணமும் தலைகீழாகவா?

இல்லை. இந்தப் பெயர்தான் பாதிப் பேரைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்புகிறது. தலைகீழாக இருப்பது நீங்கள் இல்லை, தடம். வழக்கமான கோஸ்டரில் தண்டவாளம் கீழே, பெட்டி மேலே. இதில் தண்டவாளம் உங்கள் தலைக்கு மேலே இருக்கும். அதன் அடியில் இருக்கை தொங்கும். காலுக்குக் கீழே தரை என்று ஒன்று கிடையாது. வவ்வால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்களே, அதேதான். நடுநடுவே குட்டிக்கரணமும் உண்டு. சைலானில் அப்படி ஐந்து முறை புரள்வீர்கள். ஒவ்வொன்றும் கண் இமைக்கும் நேரம்தான்.

ஆகவே 'தொங்கு ரயில்' என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த யோசனை யாருக்கு வந்தது?

1981இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் ஆரோ நிறுவனம் 'தி பேட்' என்ற தொங்கும் கோஸ்டரைக் கட்டியது. பெயரே வவ்வால். அதில் பெட்டிகள் ஊஞ்சல்போல இரு பக்கமும் தாராளமாக ஆடின. ஆடும் பெட்டியை வைத்துக்கொண்டு குட்டிக்கரணம் போட முடியாது. அதோடு கோளாறு மேல் கோளாறு வந்து, சில ஆண்டுகளிலேயே அதை மூடிவிட்டார்கள்.

1992இல் சுவிட்சர்லாந்தின் போலிகர்–மபிலார்ட் நிறுவனம் அந்த ஆட்டத்தை நிறுத்தியது. இருக்கையை மேலே உள்ள சக்கரத் தொகுதியோடு அசையாமல் பிணைத்தார்கள். தடம் எப்படித் திரும்புகிறதோ அப்படியே ஆளும் திரும்புவார். இலினாய் மாநிலத்தில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்கா பூங்காவில் அமைந்த அந்தக் கோஸ்டருக்கு 'பேட்மேன் தி ரைடு' என்று பெயர். மறுபடியும் வவ்வால்! இரண்டு ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தின் வெகோமா நிறுவனமும் தன் வகையைக் கொண்டுவந்தது. செந்தோசாவில் இருப்பது வெகோமா கட்டியதுதான்.

நம் வட்டாரத்தில் பாங்காக்கின் சியாம் அமேசிங் பார்க்கில் (முன்பு சியாம் பார்க் சிட்டி) வெகோமாவின் தொங்கு கோஸ்டர் ஒன்று உண்டு. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறந்த வொண்டர்லா பூங்காவிலும் தொங்கு கோஸ்டர் இருக்கிறது, அதுவும் போலிகர்–மபிலார்ட் செய்தது. இதற்காகவே விமானம் ஏறி வர வேண்டியதில்லை என்று என் சித்தி மகனிடம் சொன்னேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம்?

உயரம் 42.5 மீட்டர். நம் அடுக்குமாடி வீட்டுக் கணக்கில் சொன்னால் பதினான்காவது மாடிக்குப் பக்கத்தில். தோ பாயோவில் பதினான்காவது மாடித் தாழ்வாரத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்திருந்தால் உங்களுக்கு அந்த உயரம் ஏற்கெனவே பழக்கம்தான். என்ன, அங்கே கம்பித் தடுப்பு இருக்கும், காலடியில் சிமெண்டு இருக்கும்.

வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 42.5 மீட்டரிலிருந்து எந்தத் தடையும் இல்லாமல் ஒரு பொருள் தரைக்கு விழுந்தால், தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 104 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கோஸ்டரில் காற்றும் சக்கர உராய்வும் கொஞ்சம் தின்றுவிடும், தடமும் தரைவரை இறங்காது. அதனால் எண்பது, தொண்ணூறில் நிற்கும். பிஐஇ விரைவுச்சாலையில் டாக்சி போகிற வேகம்தான். டாக்சியில் யாரும் கத்துவதில்லை, ஏனென்றால் அதற்குத் தரையும் கண்ணாடியும் கதவும் இருக்கின்றன. வேகம் நமக்குப் புதிதல்ல, திறந்த வெளியில் கால் ஆடுவதுதான் புதிது.

இரண்டு ரயில்களும் மோதுவதுபோல வருமா?

அப்படி வரும்படிதான் தடங்களை அமைத்திருக்கிறார்கள். கேலக்டிகா தொலைக்காட்சித் தொடரில் மனிதர்களுக்கும் சைலான் என்ற இயந்திரங்களுக்கும் போர். அதனால் இரண்டு கோஸ்டர்கள், ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி. இரண்டும் ஒரே நொடியில் கிளம்பினால்தான் அந்த வேடிக்கை. கிளம்பாமலும் போகலாம். அதை நம்பி ஏற வேண்டாம்.

நடுவில் பல நாள் மூடிக் கிடந்ததாமே? ஏன்?

உண்மைதான். பூங்கா 2010 மார்ச் 18 அன்று கதவைத் திறந்தது. ஒரு வாரத்துக்குள் இருக்கைகள் தொடர்பான ஒரு கோளாறால் இரண்டு கோஸ்டர்களையும் நிறுத்தினார்கள். மீண்டும் ஓடியது 2011 பிப்ரவரியில். 2013 ஜூலையில் மறுபடி மூடினார்கள். அந்த முறை ஏறக்குறைய இரண்டு ஆண்டு. 2015 மே 27இல் திறந்தபோது ரயிலே மாறியிருந்தது: முன்பு ஒரு வரிசைக்கு நான்கு பேர், இப்போது இரண்டு பேர்.

இந்த மாற்றத்தில் பயணிக்கு லாபம் என்பது என் கட்சி. நான்கு பேர் வரிசையில் நடுவில் மாட்டினால் இரு பக்கமும் ஆள், முன்னால் நாற்காலி முதுகு. இப்போது எல்லோருக்குமே ஓர இருக்கை. வரிசை மெதுவாக நகர்கிறது என்ற குறை மட்டும் உண்டு.

பாதுகாப்பானதா? உண்மையைச் சொல்லுங்கள்.

சரி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அம்மாக்கள் கேட்கும் கேள்வி இது.

முதலில் சக்கரம். தடத்தைச் சக்கரங்கள் மூன்று பக்கமும் கவ்விப் பிடித்திருக்கும். ஒரு வகை எடையைத் தாங்கும், இன்னொன்று பக்கவாட்டில் உருளும், மூன்றாவது எதிர்ப்புறத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் புரண்டாலும் ஏதாவது ஒரு சக்கரம் எடையை வாங்கிக்கொள்ளும். ரயில் 'கழன்று விழ' வழியில்லை என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான்.

அடுத்தது தோளுக்கு மேலிருந்து இறங்கும் தடுப்பு. அது பூட்டிக்கொண்டதா என்று ஊழியர் கையால் இழுத்துப் பார்ப்பார், இயந்திரமும் தனியாகச் சரிபார்க்கும். பூட்டு விழாமல் ரயில் நிலையத்தை விட்டு நகராது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்த பிறகு தடுப்பை இறக்குங்கள். முன்னால் குனிந்தபடி இறக்கினால் தோளுக்கும் அதற்கும் இடையில் வெற்றிடம் இருக்கும். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் காது தடுப்பில் மோதும். 'கோஸ்டர் முரட்டுத்தனமாக இருந்தது' என்று சொல்பவர்களில் பலர் இப்படி உட்கார்ந்தவர்களே.

மூன்றாவது, தடம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு ரயில் இருந்தால் இன்னொன்றை அங்கே நுழையவிடாமல் கணினி தடுத்துவிடும். எம்ஆர்டியில் இரண்டு ரயிலுக்கும் நடுவே இடைவெளி விடுகிற அதே தத்துவம்.

இதற்கெல்லாம் மேலே சட்டம் ஒன்று இருக்கிறது. 2011இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் கேளிக்கைச் சவாரிகளின் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. கட்டட, கட்டுமான ஆணையம் அதைக் கவனிக்கிறது. அனுமதி இல்லாமல் சவாரியை ஓட்டக் கூடாது. பரிசோதனையும் பராமரிப்பும் கட்டாயம். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் ராட்டினத்தைக் கயிற்றாலும் ஆணியாலும் மாட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டு அதே ராட்டினத்தில் ஏறியவன் நான். என்னிடமா இந்தக் கேள்வி!

கால் எதிலாவது இடிக்காதா?

உங்களுக்கு இடிக்காது. பக்கத்துத் தூணும் கீழே இருக்கும் பாறையும் உரசிக்கொண்டு போவதுபோலத் தோன்றும். உயரமான ஆள் காலை நீட்டினாலும் எட்டாத அளவுக்கு இடைவெளி கணக்கிட்டு விட்டிருக்கிறார்கள்.

ஆபத்து இருப்பது கீழே நிற்பவருக்கு. தொங்கு கோஸ்டர்களில் நடந்த மோசமான விபத்துகள் சிலவற்றில் ரயிலில் இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள், வேலிக்குள் புகுந்தவர்கள் இறந்தார்கள். 2008இல் ஜார்ஜியாவில் ஒரு பேட்மேன் கோஸ்டரின் கீழே வேலி தாண்டிப் போன பதின்ம வயதுப் பையன் ரயில் மோதி இறந்தான். 2015இல் ஒஹாயோவின் சீடர் பாயிண்ட் பூங்காவில், தவறவிட்ட கைப்பேசியை எடுக்கப் போன ஒருவருக்கு அதே கதி. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு ஜோடிக் கால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். எது விழுந்தாலும் ஊழியரிடம் சொல்லுங்கள். அவர்கள் ரயிலை நிறுத்தி எடுப்பார்கள், அல்லது இரவு பூங்கா மூடிய பிறகு எடுப்பார்கள். கைப்பேசிக்குக் காத்திருக்கலாம்.

தலைகீழாகப் புரளும்போது நாம் கீழே விழாமல் இருப்பது தடுப்பினாலா?

பெரும்பாலும் வேகத்தினால். பால் தூக்குவாளியைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றினால் பால் சிந்தாது இல்லையா? நேராக ஓட நினைக்கும் பாலை வாளி வளைத்து இழுக்கிறது, அதனால் பால் வாளியின் அடியோடு ஒட்டிக்கொள்கிறது. வளையத்தின் உச்சியில் உங்கள் நிலையும் அதுவே. இருக்கையோடு அழுந்தியே இருப்பீர்கள். தலைகீழாக இருக்கிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை, வானம் இருக்க வேண்டிய இடத்தில் குளம் தெரிவதை வைத்துத்தான் புரியும்.

ஒரு நுணுக்கம். கோஸ்டர் வளையங்கள் சரியான வட்டமாக இருக்காது, தலைகீழாகப் பிடித்த நீர்த்துளி மாதிரி இருக்கும். வட்டமாகக் கட்டினால் உள்ளே நுழையும் நொடியில் உடல் எடை திடீரென்று பல மடங்காகிக் கழுத்து ஒடிந்ததுபோல் ஆகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்படிக் கட்டிப் பார்த்துப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். கீழே அகலமாகத் தொடங்கி மேலே போகப் போக இறுகும் வளைவை ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் கணக்கிட்டார். அப்படி அமைந்த முதல் நவீன வளையம் 1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் வந்தது. இந்த வகைக் கோஸ்டர்களில் பள்ளத்தில் திரும்பும்போது எடை நான்கு மடங்குவரை ஏறுவதுண்டு. அறுபது கிலோ ஆளுக்கு 240 கிலோ. ஓரிரு நொடிதான், அதற்குள் கன்னம் தொங்கிவிடும். வெளியே விற்கும் படத்தில் எல்லோரும் பத்து வயது கூடித் தெரிவது இதனால்தான்.

சிறுவர்கள் ஏறலாமா?

125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். வாசலில் அளவுகோல் வைத்திருப்பார்கள். வயதைப் பார்ப்பதில்லை. தொப்பியும் கொண்டையும் கணக்கில் சேராது. என் அக்கா மகள் இரண்டு சென்டிமீட்டர் குறைந்து போய் அழுதாள். 'அடுத்த தீபாவளிக்குள் வளர்ந்துவிடுவாய்' என்று அவளைச் சமாதானப்படுத்த ஐஸ்கிரீமுக்கு ஆன செலவு தனி.

உயரம் போதாதவர்களுக்கு அதே பூங்காவின் லாஸ்ட் வேர்ல்ட் பகுதியில் 'கேனபி ஃபிளையர்' இருக்கிறது. அதுவும் தடத்தின் அடியில் தொங்குவதே, குட்டிக்கரணம் மட்டும் கிடையாது. 92 சென்டிமீட்டர் இருந்தால் போதும். பயப்படுகிற பெரியவர்களும் முதலில் அதில் ஏறிப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

யார் ஏறவே கூடாது?

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கழுத்து முதுகு வலிக்காரர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று வீம்பு பிடிக்கும் மாமாக்களை அழைத்துச் செல்பவர்கள் இந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

சேலை கட்டிக்கொண்டு ஏறலாமா? தாலிச் சங்கிலி, மூக்குக் கண்ணாடி?

சேலை வேண்டாம். முந்தானை, கொசுவம் இரண்டையும் தடுப்புக்குள் அடக்குவது பெரும்பாடு. துப்பட்டாவும் அப்படியே. சுடிதாரின் மேல்பகுதி, காற்சட்டை, கால் மூடிய காலணி, இவை போதும். செருப்பு போட்டு வந்தால் அது உங்கள் கால்களை விட்டுப் பிரிந்து தனிப் பயணம் போகும்.

தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராது, தெரியும். ரவிக்கைக்குள் அல்லது சட்டைக்குள் விட்டு, மேல் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி, கைப்பேசி, பணப்பை, சாவிக்கொத்து எல்லாம் பெட்டகத்துக்கு. பெட்டகம் கொஞ்ச நேரத்துக்கு இலவசம், வரிசை நீண்டால் காசு கேட்கும். எங்கள் வீட்டு வழக்கம்: ஏறாத ஒருவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பொருளையும் மடியில் வைத்துக்கொள்வார். எப்போதும் அம்மாதான். ஒரு முறை அவர் மடியில் ஆறு கைப்பேசி, மூன்று கண்ணாடி, ஒரு பல் கிளிப்.

சாப்பிட்டுவிட்டு ஏறலாமா?

காலையில் இரண்டு இட்லி சரி. வெறும் வயிறும் குமட்டும். ஆட்டிறைச்சி முர்தபா முழுசாக ஒன்று உள்ளே போட்டுவிட்டு வந்தால் அதை மறுபடியும் பார்க்க நேரிடலாம்.

மழை பெய்தால்?

தூறலுக்கு ஓடலாம், இடி மின்னலுக்கு ஓடாது. சிங்கப்பூரில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாள்கள் இடியோடு கூடியவை. திறந்த வெளியில் நிற்கும் பதினான்கு மாடி உயர எஃகுக் கட்டமைப்பை அப்போது இயக்க மாட்டார்கள். பிற்பகலில்தான் பெரும்பாலும் மேகம் கட்டும். ஆகவே காலையில் கதவு திறந்ததும் ஹாலிவுட், நியூயார்க் பகுதிகளில் படம் எடுத்து நிற்காமல் நேராகக் கோஸ்டர் இருக்கும் சை-ஃபை சிட்டிக்கு நடந்துவிடுங்கள். தூறலில் ஏறினால் துளிகள் முகத்தில் கடுகு தாளிப்பதுபோல் தெறிக்கும்.

நடுவழியில் நின்றுவிட்டால்?

கோளாறு என்பதைவிட, ஏதோ ஓர் உணரி 'சந்தேகமாக இருக்கிறது' என்று சொன்னதால் நிறுத்தியிருப்பார்கள். அமைதியாக உட்கார்ந்திருங்கள். ஊழியர்கள் வந்து இறக்குவார்கள். தடுப்பை நீங்களே தள்ளிப் பார்க்காதீர்கள்.

எப்படிப் போவது?

லிட்டில் இந்தியாவில் வடகிழக்கு ரயிலில் ஏறினால் நேராக ஹார்பர்ஃபிரண்ட். மேலே விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், முதல் நிறுத்தத்தில் இறங்கினால் பூங்கா இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்ட். போவதற்குத்தான் கட்டணம், திரும்புவது இலவசம். நடக்க முடிந்தவர்கள் பாலத்து நடைபாதை வழியாகவே போய்விடலாம், காலைக் காற்று நன்றாக இருக்கும். 123 பேருந்தும் உண்டு.

முன் இருக்கையா, பின் இருக்கையா?

முன் இருக்கை, யோசிக்காமல். தொங்கு கோஸ்டரில் முதல் வரிசைக்கு மட்டும்தான் முன்னால் எதுவுமே இல்லை. கடைசி வரிசைக்கும் ஆள் இருக்கிறார்கள். முன்பாதி சரிவில் இறங்கிவிட்ட பிறகு வால் பகுதி வெடுக்கென்று இழுபடும், அந்தச் சுகம் அவர்களுக்கு. நடு வரிசையில் நின்று இரண்டும் இல்லாமல் வருவதற்குப் பத்து நிமிடம் கூடக் காத்திருந்து முன்னால் போகலாம்.

கண்ணை மூடிக்கொண்டால் பயம் குறையுமா?

கூடும். எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று கண் சொன்னால்தான் கழுத்து தயாராகும். மூடிக்கொண்டால் உள்காது ஒன்று சொல்லும், மூளை ஒன்று நினைக்கும், வயிறு கலங்கும். தடம் போகும் திசையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

காரைக்குடியிலிருந்து வந்த என் அத்தை மகன் இதைக் கேட்கவில்லை. ஐந்து முறை புரளும் என்று நான் சொல்லி வைத்திருந்ததால் விரல் விட்டு எண்ணியிருக்கிறான். எண்ணும்போதே கண் மூடிவிட்டது. இறங்கியதும் நேராக என்னிடம் வந்து, 'நாலுதான் மச்சான் வந்துச்சு, ஒண்ணு கொறையுது' என்றான். ஊருக்குப் போய் மூன்று ஆண்டாகிவிட்டது. இன்றைக்கும் தொலைபேசியில் அந்த ஐந்தாவதைக் கேட்கிறான்.